விரல் பிடிக்க ஓர் ஆள்

'கொ' என்று எழுதத் தமிழில் மூன்று உருவம் வேண்டும். முன்னால் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். காதில் விழும் வரிசை வேறு: முதலில் க், அப்புறம் ஒ. பின்னால் வரவேண்டிய ஒலியின் பாதி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, மீதிப் பாதி மட்டும் ஒழுங்காக வரிசையில் நிற்கிறது. அந்தத் துணைக்காலும் அச்சில் பார்க்க ஏறக்குறைய ர மாதிரி இருக்கும். ஓலைச்சுவடிகளில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. படிக்கிறவர்தான் இடம் பார்த்து இது காலா, ரகரமா என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் மறந்துபோன சங்கதி. மறக்க முடியாமல் தினமும் இதில் முட்டிக்கொள்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் அப்படி ஒரு பையனை வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் 'கொடி' என்றிருக்கிறது. விரலைக் கொம்பின் மேல் வைக்கிறான். "கெ..." விரல் நகர்கிறது. "கெர..." இன்னும் நகர்கிறது. "கெரடி." அப்படி ஒரு சொல் இல்லை என்பது அவனுக்கும் தெரியும், ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறான். அடுத்த வரியில் 'காகம்'. 'கரகம்' என்கிறான். பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு உடனே "காக்கா மிஸ்" என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. அவன் செய்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான காரியம் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. எழுத்து கைவிட்டதும், படத்தைப் பிடித்துப் பொருளுக்குப் போய்விட்டான். இதே பையன் அம்மாவின் கடைக்கணக்கில் மீதிச் சில்லறையைச் சரியாகச் சொல்வான். ஒருமுறை பார்த்த படத்தின் கதையை வசனத்தோடு ஒப்பிப்பான்.

ஆசிரியரின் பதிவேட்டில் அவன் 'மெல்லக் கற்கும் மாணவர்'. வீட்டில் சொல்வது இன்னும் சுருக்கம்: "இவனுக்குப் படிப்பு ஏறல."

இந்தப் பையனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்ற பிறவி வாசிப்புச் சிக்கலா, அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்ததன் விளைவா, மூக்குக் கண்ணாடி தேவைப்படும் கண்ணா என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. அதைப் பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆள் கிடைக்கிறார், இவனுக்குக் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு, மருத்துவர்கள் இந்தச் சிக்கலைக் கவனிக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே கூட வருகிறது.

1896 நவம்பரில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். பெர்சி என்ற அந்தப் பையன் தன் பெயரையே 'ப்ரெசி' என்று எழுதினான். எண்களைத் தடையில்லாமல் படித்தான், சொற்களை மட்டும் படிக்க முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்பது அவன் ஆசிரியரின் கணிப்பு. பிறவியிலேயே வரும் வாசிப்புச் சிக்கலைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்புகளில் ஒன்று என்று இது இன்றும் பேசப்படுகிறது. ஏன் பெர்சி? ஏழு வயதிலிருந்து அவனுக்குப் பள்ளியும் இருந்தது, தனி ஆசிரியர்களும் இருந்தார்கள். அத்தனை செய்தும் படிப்பு வரவில்லை என்பதால்தான் மருத்துவருக்குச் சந்தேகமே வந்தது. அதே ஊரில் கூலிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் தன் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால், அதற்குக் காரணம் தேடி யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வை அமெரிக்கா சட்டமாகவே எழுதி வைத்தது. 1975இல் அங்கே வந்த மாற்றுத்திறன் குழந்தைகள் கல்விச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதற்கு ஒரு வரையறை உண்டு. சுற்றுச்சூழல், பண்பாடு, பொருளாதாரப் பின்னடைவு ஆகியவற்றால் முதன்மையாக வரும் கற்றல் சிக்கல்கள் இதில் சேராது என்று அதிலேயே ஒரு விலக்கும் உண்டு. நோக்கம் புரிகிறது: சொல்லிக்கொடுக்காததைப் பிள்ளையின் மூளைக் கோளாறு என்று எழுதிவிடக் கூடாது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? ஏழை வீட்டுப் பிள்ளையின் சிக்கலுக்கு ஏழ்மை என்ற காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது. வேறு காரணம் இருக்கலாம் என்று தேடப் போகிறவர் யார்? ஏழையாகவும் இருந்து டிஸ்லெக்சியாவும் இருக்கிற பிள்ளை, அந்த வரையறையின் இடுக்கில் காணாமல் போகிறது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த விலக்கு இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகை மாற்றுத்திறன்களைத்தான் ஏற்றது. புதிய சட்டத்தில் 21 வகைகள், அவற்றில் ஒன்று கற்றல் குறைபாடு. இதை முடிந்தவரை சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறது 16ஆவது பிரிவு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது 31ஆவது பிரிவு. காகிதத்தில் பார்த்தால், மலிவான சிறப்புக் கல்வி என்ற கேள்விக்கே இடமில்லை. இலவசத்தை விட மலிவாக என்ன கேட்பது?

சிக்கல் அந்தச் சான்றில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, எட்டு வயது ஆன பிறகே சான்று தரலாம் என்றது. முதலில் பள்ளியில் ஆசிரியர் கவனித்துச் சொல்ல வேண்டும். குழந்தை மருத்துவர் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். பிறகு மருத்துவ உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை செய்ய வேண்டும். அதில் வரும் நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டமான கற்றல் குறைபாட்டுச் சோதனை. 14 வயதில் மறுபடியும் ஒருமுறை, 18 வயதில் இன்னொரு முறை. ஒவ்வொரு படியிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் ஆகிறது என்பதும் இருக்கிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு ஒரு நாள் என்றால் நாலு வீட்டிலும் பேச்சு, ஒரு நாள் சம்பளப் பிடித்தம். மூன்றாவது முறை வரச் சொல்லும்போது அவர் வராமல் போனால், அதை அலட்சியம் என்று எழுத எந்த அலுவலருக்கும் அரை நிமிடம் போதும்.

85 என்ற அந்தக் கோடும் சும்மா இல்லை. 70க்குக் கீழே இருந்தால் அறிவுசார் குறைபாடு, அது வேறு வகை, அதற்கு வேறு சான்று. 70க்கும் 85க்கும் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு அந்த நெறிமுறையில் எந்தப் பெயரும் இல்லை, எந்தச் சலுகையும் இல்லை. சொற்களின் பொருளைக் கேட்கும், பொது அறிவைக் கேட்கும் சோதனைகளில் புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளை சில மதிப்பெண் குறைவாகத்தான் எடுக்கும். படிக்க வராததால் சொல்வளம் சேரவில்லை, சொல்வளம் சேராததால் ஈவு குறைகிறது, ஈவு குறைந்ததால் படிக்க வராததற்கான சான்று கிடைக்கவில்லை. சட்டத்தில் எழுதாமல் விட்ட அந்த அமெரிக்க விலக்கு, இந்தக் கோடு வழியாகக் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது.

சென்னையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை முதலில் கையில் எடுத்த அமைப்புகளில் ஒன்று மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன். 1991இல் தொடங்கியது. அந்தச் சொல்லைக் கேள்விப்பட்ட ஆசிரியர்களே அபூர்வமாக இருந்த காலம் அது. அமைப்பின் முழுநேர மையமான அனன்யாவில் ஒரு பிள்ளை வழக்கமான பள்ளியிலிருந்து விலகி, ஒன்றிரண்டு ஆண்டுகள் சிறு குழுவில் படித்து, மறுபடியும் பழைய மாதிரிப் பள்ளிக்கே திரும்புகிறது. நிரந்தரமாகத் தனியே வைப்பதில்லை என்பது இந்த முறையின் சிறப்பு. ஒரு ஆசிரியருக்குச் சில பிள்ளைகள்தான் என்பது இதன் செலவு. 2007இல் 'தாரே ஜமீன் பர்' படம் வந்த பிறகு டிஸ்லெக்சியா என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அந்தப் படத்துப் பையன் படித்ததும் ஆங்கிலத்தில், இருந்ததும் வசதியான வீட்டில்.

நம் பையன் யார் கண்ணிலும் படாததற்கு மொழியும் ஒரு காரணம். டிஸ்லெக்சியா பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்து எழுதியவை. b, d குழப்பம் என்று தமிழ்நாட்டில் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். துணைக்காலும் ரகரமும் குழம்புவதை ஒரு அறிகுறியாகக் கவனித்துச் சொல்கிறவர்கள் குறைவு. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென டாலி என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. அது முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்ற நான்கு மொழிகளில். தமிழின் சிக்கல்கள் தமிழுக்கே உரியவை. ஆங்கிலம் போல எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்காது, ஆனால் 247 எழுத்து இருக்கிறது. அதிலும் ஆகாரம், ஏகாரம் போல உகர, ஊகாரத்துக்குத் தனியே பிரித்தெடுக்கும் குறி கிடையாது. கு, டு, து, மு என்று எழுத்தோடு ஒட்டிக்கொண்டு உருவம் மாறும் இந்த 36 எழுத்துகளை ஏறக்குறைய ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும். 1978இல் பெரியார் வழி எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று, ணை, லை, னை முதலியவற்றின் யானைத் தும்பிக்கையை வெட்டியபோது புலவர்கள் வருத்தப்பட்டார்கள். அச்சுக்கோப்பவர்களுக்கு மட்டும் அல்ல, பெயரே தெரியாத எத்தனையோ கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் அதனால் கொஞ்சம் சுமை குறைந்திருக்கும். போதாததற்குப் பேச்சுத் தமிழ் ஒன்று, பாடத் தமிழ் ஒன்று. 'வந்துக்கிட்டு இருக்கான்' என்று வீட்டில் சொல்கிற பிள்ளை, புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதை ஊகித்துப் படிக்க முடியாது. எழுத்தெழுத்தாக உடைத்தே ஆக வேண்டும். உடைப்பதுதான் அவனுக்கு வராத வேலை.

சரி, இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ரகசியமா? இல்லை. 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் ஆகியோர் வகுத்த வழிதான் இன்றுவரை பலவகையாகக் கையாளப்படுகிறது. ஒலியைத் தனியே கேட்க வை. அதற்குரிய எழுத்தைக் காட்டு. வாயால் சொல்லிக்கொண்டே விரலால் அந்த வடிவத்தை எழுத வை. ஒன்று உறுதியான பிறகு அடுத்தது. கண், காது, வாய், விரல் எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இதற்கென்று வழவழப்பான மரத்தட்டில் வண்ண மணல் போட்டு இன்று கடைகளில் விற்கிறார்கள். விலை கேட்டால் சிரிப்பு வரும். ஏனென்றால் மணலில் விரல் வைத்து எழுதப் பழகியது இந்த ஊர்தான், அதுவும் காசில்லாமல்.

1789இல் எழும்பூரில், கிழக்கிந்தியக் கும்பெனிப் படைவீரர்களின் ஆதரவற்ற பையன்களுக்கான காப்பகத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். அதற்குச் சம்பளம் வேண்டாம் என்றவர். பெரும்பாலும் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த உதவி ஆசிரியர்களுக்கு அவர்கள் மேல் நம்பிக்கையே இல்லை. ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது, ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளையர் வழக்கில் மலபார் என்றால் தமிழர். அவர் பார்த்தது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம்தான். திரும்பி வந்து கடைசி வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெல் அவரோடு வாதாடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

மணலோடு இன்னொன்றும் அந்தத் திண்ணையிலேயே இருந்தது: சட்டாம்பிள்ளை. படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. 1797இல் பெல் தன் அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதன் வழியே நடந்தன. சென்னையின் மண் தரையிலிருந்து போன சரக்கு அது. பெருமைப்படலாம், ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிட்டுப் பெருமைப்படக் கூடாது. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் ஏற முடியவில்லை. அடுத்தது, இங்கிலாந்துக்குப் போன முறை போகப்போக ஆலை மாதிரி ஆகிவிட்டது. ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே பாடம், ஒரே சத்தம். மலிவு என்பதற்காகவே கொண்டாடப்பட்ட எதற்கும் கடைசியில் இந்தக் கதி வருகிறது.

அடுத்த காட்சி ரோமில். 1900இல் மரியா மாண்டிசோரி அங்கே அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை செய்தார். தடவிப் பார்த்து எழுத்தைக் கற்க மர எழுத்துகள் செய்து கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்தால், மற்றப் பிள்ளைகளை இத்தனை கீழே பிடித்து வைத்திருப்பது எது என்று மாண்டிசோரி யோசித்தார். 1907 ஜனவரியில், சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மர எழுத்துச் செய்யப் பணம் தேறவில்லை. அட்டையில் உப்புத்தாளை எழுத்தாக வெட்டி ஒட்டினார். அதுதான் இன்று உலகம் முழுவதும் மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கும் அந்தச் சொரசொரப்பு எழுத்து. பணமில்லாததால் பிறந்த பொருள். முதல் ஆசிரியையாக இருந்தவர் பயிற்சி பெற்றவர் அல்ல, அந்தக் கட்டடத்தின் காவலாளி மகள்.

1939இல் மாண்டிசோரி சென்னைக்கே வந்தார். அடையாறில், பிரம்மஞான சபை வளாகத்தில், ஓலைக் கொட்டகையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க் காலம், அவர் இத்தாலியர், திரும்பிப் போக முடியவில்லை. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். எழும்பூரிலிருந்து கிளம்பிய மணல் ஒன்றரை நூற்றாண்டு கழித்து உப்புத்தாளாக அடையாறுக்குத் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. மாண்டிசோரிக்குப் பெல்லைத் தெரியுமா என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. சென்னையில் இன்று மாண்டிசோரி என்று பலகை மாட்டிய பள்ளியின் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். சான் லொரென்சோவின் தாய்மார்கள் அந்த வாசலைத் தாண்ட முடியாது.

ஆக மணல் மலிவு, உப்புத்தாள் மலிவு. முறை எழுதி வைத்த முறை. விலை முழுக்க ஓர் ஆளின் நேரத்தில் இருக்கிறது. அந்தப் பையனின் விரல் கொம்பின் மேல் நிற்கும்போது, "இரு, முதல்ல நடுவுல இருக்கறதப் பாரு, இது என்ன? க. இப்ப ரெண்டு பக்கமும் பாரு, யாரு காவல் நிக்கறாங்க?" என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நாளைக்கும் இருக்க வேண்டும், அடுத்த வாரமும். 'கெரடி' என்றால் எங்கே தடுக்கியது என்று அவருக்குப் புரிய வேண்டும். "பத்துத் தடவை எழுதிட்டு வா" என்று சொல்பவர் இதற்கு உதவ மாட்டார், ஏனென்றால் பையன் தப்பையே பத்துத் தடவை அழகாக எழுதிவருவான்.

அந்த ஆளுக்கு அரசின் கணக்கில் பெயர் 'சிறப்புப் பயிற்றுநர்'. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்தை வைத்து இவர்கள் வேலை செய்கிறார்கள். தொகுப்பூதியம், பணி நிரந்தரம் கேட்டு அவ்வப்போது போராட்டம். ஒருவர் பல பள்ளிகளுக்குப் போகிறார். நடக்க முடியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, வீட்டிலேயே படுத்திருக்கும் பிள்ளை எல்லாரும் அவர் பொறுப்பு. நடக்கத் தெரிந்த, பேசத் தெரிந்த, கொம்பில் மட்டும் தடுக்குகிற பையன் அவர் பட்டியலில் கடைசியில் வருவதில் ஆச்சரியமில்லை. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த விகிதத்துக்கு நாடு போய்ச் சேர்ந்துவிட்டால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது.

அரசு வேறு பக்கத்திலிருந்தும் முயன்றிருக்கிறது. 2021 இறுதியில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அந்தந்தத் தெருக்காரர்கள். ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள், சுமார் 20 பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். சான் லொரென்சோவின் காவலாளி மகளை நினைத்துக்கொண்டால், பயிற்சி பெறாதவர் என்பது குறையாகத் தெரியாது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மாண்டிசோரி நின்றார், வாராவாரம் வந்து பார்த்தார். நம் தெருவில் சொல்லித்தரும் அக்காவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒன்றாம் வகுப்பிலேயே ஒலியை உடைக்கத் திணறும் பிள்ளையை அவர் அடையாளம் காண முடியும், அதற்குச் சான்று தேவையில்லை, எட்டு வயது ஆகவும் வேண்டாம். அவருக்குப் பத்து நாள் பயிற்சியும், சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பரும், 20க்குப் பதில் 5 பிள்ளையும் கொடுத்தால் அதற்கு ஆகும் செலவு, எட்டு வருடம் பள்ளியில் உட்காரவைத்து எதுவும் சொல்லித்தராமல் அனுப்புவதை விட அதிகமாக இருக்கப் போவதில்லை.

2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தது. மக்கு என்று சொல்வதை விட அரும்பு என்பது எவ்வளவோ மேல். வகுப்பை வைத்து அளக்காமல் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது நல்ல யோசனைதான். ஆனால் நான்காம் வகுப்பிலும் அரும்பாகவே இருக்கிற பையனுக்கு, தான் ஏன் அரும்பு என்று தெரியும். எட்டாம் வகுப்பு வரை அவனை யாரும் நிறுத்தப் போவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சான்று இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாடம் ஒன்றில் விலக்கு எல்லாம் கிடைக்கும். கடைசியில் அவனுக்கு ஓர் ஆளைத் தருகிறார்கள், அவனுக்காக எழுத. ஏழு வயதில் அவனோடு சேர்ந்து எழுத அனுப்பியிருந்தால் அதே ஆள் போதும்.

மறுபடியும் அந்தப் பையனின் பள்ளிக்கூடம். மதியச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். மரத்தடியில் மண் ஈரமாக இருக்கிறது. பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் ஏதோ கிறுக்குகிறான். முதலில் க. அப்புறம் வலப்பக்கம் ஒரு கால். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறான். கூடப்படிக்கும் ஒருத்தி எட்டிப் பார்த்து, "கொம்பு போடலையே டா" என்கிறாள். அவன் வலப்பக்கமே இன்னும் தள்ளிப் போடப் போகிறான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இந்தப் பக்கம் இழுக்கிறாள். மணி அடிக்கிறது.